கழுதைப் பாதையில் ஒரு பச்சைத் தழை

மலையிறங்கி ஓடுகிறவர்களுக்கு முதலில் போவது கால் பெருவிரல் நகம்தான். இறக்கத்தில் எட்டு வைக்கும்போதெல்லாம் விரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும். கொஞ்ச நாளில் நகம் கறுத்து, ஒருநாள் குளிக்கும்போது வலியே இல்லாமல் கழன்று கையோடு வந்துவிடும். நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிட வேண்டும், ஷூவைக் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு நகங்களைப் பறிகொடுத்தேன். ரோஜாவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அவள் ஷூவை நானே மதுரைக்குப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ரோஜாவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன், மேடம். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்ட வழக்கு. நான் இங்கே வந்திருப்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இன்று ஏலக்காய் ஏலம், அவர் சாயங்காலம்தான் வருவார். காப்பி வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. உண்மையில் எல்லாம் அந்தச் சர்க்கரையில்தான் ஆரம்பித்தது.

என் பெயர் ஈஸ்வரி. பிறந்த ஊர் சிலமலை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் விஜயபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்தேன். மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டை மேடு என்போம், அதற்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. ஒரே பையன், கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைக் காட்டுவான். இவ்வளவுதான் என் வீடு. பெரிய வீடு, கூட்டிப் பெருக்க இரண்டு பேர். பகலில் மூன்று மணிக்கு அந்த வீட்டில் சுவர்க்கடிகாரத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

டாக்டர் நடக்கச் சொன்னார். கல்லூரி மைதானத்தில் நடந்தேன். அங்கே நடக்கிற பெண்கள் யார் வீட்டில் என்ன நகை எடுத்தார்கள் என்று பேசிக்கொண்டே நடப்பார்கள். அந்தப் பேச்சு பொறுக்காமல்தான் ஒருநாள் அவர்களை விட்டு முன்னால் ஓடினேன். நாற்பத்தாறு வயதில், சுடிதாரும் சுற்றிச் செருகிய துப்பட்டாவுமாக. ஒரு சுற்று முடித்து நின்றபோது நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் பல வருஷத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்த மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் அந்த மலை ஓட்டத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். முந்தல் அடிவாரத்திலிருந்து பழைய கழுதைப் பாதையில் ஏறி, போடிமெட்டைத் தொட்டு, தோட்டங்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பாதையிலேயே இறங்க வேண்டும். ஏலக்காய் மூட்டையைக் கழுதை மேல் ஏற்றி இறக்கிய காலத்துப் பாதை அது. பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“எதுக்கு, போலீசு வேலைக்குச் செலக்சனா?” என்று சிரித்தார். பிறகு, “தனியா மலையேறுனா காட்டுமாடு முட்டிப்புடும். நம்ம கடைல காய் பொறுக்குதே ரோஜானு ஒரு பிள்ள, அதக் கூட்டிட்டுப் போ. எஸ்டேட்டு லயன் வீட்ல பொறந்தது, மலை பூராம் தெரியும்” என்றார்.

ரோஜாவை எனக்கு அவர்தான் கொடுத்தார் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைப் பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று தரம் பிரிப்பார்கள். அதில் ஒருத்தி அவள். இருபத்தேழு வயது. அப்பா சுருளி எஸ்டேட்டில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். அம்மா மொக்கம்மாள், ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் கட்டப்பனைப் பக்கம் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. முதல் நாள் ரப்பர் செருப்போடு வந்தாள். என் தண்ணீர் பாட்டிலையும் வாழைப்பழப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் எனக்கு முன்னால் போனாள். நான் மூச்சு வாங்கி நின்றபோது மேலேயிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து யாரும் சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டது, மேடம். முதலாளியம்மாவைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் போனோம். விடிந்ததும் எஸ்டேட் ஆட்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து மேட்டுக்குப் போவது, அங்கே ஒரு டீ, பிறகு கழுதைப் பாதையில் முந்தல் வரை ஓட்டம். சில நாள் ஏறியும் பழகினோம். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். ஏற்றத்தில் ஓடக்கூடாது, இடுப்பில் கையை வைத்து நடக்க வேண்டும். இறக்கத்தில் குட்டி எட்டாக வைக்க வேண்டும். “காலப் பாக்காதீகக்கா, காலு அதுபாட்டுக்கு வரும். மூணு எட்டுக்கு முன்னால பாருங்க” என்பாள். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பாறையில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்து நீவிவிடுவாள். என் பாட்டிலிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

அக்கா என்று கூப்பிடச் சொன்னது நான்தான். கடையில் மட்டும் முதலாளியம்மா என்றே கூப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன், மற்றவர்களுக்கு நடுவே அவளுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று. அவளும் மறக்காமல் அப்படியே செய்தாள்.

போகப் போக எங்கள் இரண்டு பேர் வேகமும் ஒத்துவரவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தி ஓடவைப்பது பாவமாக இருந்தது. அவளே ஒரு வழி சொன்னாள்.

“நீங்க முன்னால கெளம்புங்கக்கா. நான் டீயக் குடிச்சிட்டு, கொஞ்சம் விட்டு வந்து புடிச்சிர்றேன். முந்தலுக்கு ரெண்டு பேரும் சேந்தே எறங்குவோம்.”

அப்படித்தான் ஓடினோம். பனிக்குள் நான் தனியாக இறங்கிக்கொண்டிருப்பேன். பாதி வழி தாண்டியதும் பின்னால் அவள் காலடி கேட்க ஆரம்பிக்கும். முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக, பிறகு சரளைக்கல் உருளுகிற சத்தமாக, பிறகு மூச்சாக. கடைசியில் என் தோளில் ஒரு கை விழும். “புடிச்சிட்டேன்” என்பாள். நான் அந்தக் கைக்காகத்தான் ஓடினேன். சர்க்கரைக்காக என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது தழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் உங்களுக்கு மற்றது புரியாது.

மலையில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவர் போகக்கூடாத பாதையின் குறுக்கே ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவருக்கு அதுதான் செய்தி. மண் சரிந்திருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம், ஆனை நிற்கலாம். காரணம் தெரிய வேண்டியதில்லை, தழை கிடந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒருநாள் நான் கிடந்த தழையைத் தாண்டி நடக்கப் போனபோது ரோஜா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“காஞ்சு கெடந்தா எப்பவோ போட்டது, விட்ருங்க. பச்சையா கெடந்தா இன்னைக்கு ஒரு ஆளு போயிப் பாத்துட்டு, நமக்காகப் போட்டதுக்கா. அத மிதிச்சிட்டுப் போகக்கூடாது.”

போட்டிக்காரர்கள் மரத்தில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைக் காட்டி, இதைப் பார்த்துப் போனால் போதாதா என்று கேட்டேன்.

“ரிப்பன் கட்டுனவுக அன்னைக்கே கோயமுத்தூரு போயிட்டாக. தழை போட்டவுக இந்த மலையிலதான இருக்காக?” என்றாள்.

அந்த வார்த்தையை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து முன்னால் போகிற நாளில் நானும் தழை ஒடித்துப் போட ஆரம்பித்தேன். அவள் என்னைப் பிடித்ததும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

போட்டி நடத்துகிறவர் வினோத்குமார், கோயம்புத்தூரில் ஓட்டப் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறார். பாதையைப் பார்க்க வந்தவர் ரோஜா இறங்குவதைப் பார்த்துவிட்டார். அடுத்த முறை எங்களோடு ஜீப்பில் வந்தார். அவள் கால்களைப் பற்றி என்னிடமே பேசினார், நல்ல மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அவளைத் தன் நிலையத்துக்கு அழைத்தார். தங்க இடம், பெண்களுக்கு மலை ஓட்டம் சொல்லித் தருகிற வேலை. முதலில் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முழுதாக இறங்கி வருவதைத் தான் முந்தலில் நின்று பார்க்க வேண்டும், சரியாக வந்தால் கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்றார்.

ரோஜா எனக்குத்தான் முதலில் சொன்னாள். அவள் அம்மாவுக்குக்கூட அப்புறம்தான். ஜீப்பில், என் காதோடு சொன்னாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“எல்லாம் உங்களாலதான்க்கா. காய் பொறுக்கியே கண்ணு அவிஞ்சிருமோனு கெடந்தேன்.”

“நல்ல விசயந்தான?” என்றேன். அப்படித்தான் சொன்னேன், சத்தியமாக.

“ஆனா நீங்க ஓட்டத்த விட்றக்கூடாது. கடைல ராக்கு இருக்கால்ல, அவளக் கூட்டிட்டுப் போங்க. அவளும் மலைக்காரிதான். அவளுக்கும் வழி பூராம் தெரியும்.”

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். அவள் முன்னுக்கு வருவதில் எனக்கு என்ன பொறாமை? ஷூ வாங்கிக் கொடுத்தவள் நான். ஆனால் எனக்கு வேண்டியது வழி காட்ட ஓர் ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். பாட்டில் தூக்க ஓர் ஆள். அவள் போனால் அந்த இடத்தில் ராக்குவை உட்கார வைத்துவிடலாம் என்று. அன்று வீட்டுக்கு வந்து மூன்று மணிக்கு அந்தக் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நிஜமான பயம். இனிமேல் சாகிறவரைக்கும் இதுதான் என்று தெரிந்துவிட்ட பயம்.

அவள் கோயம்புத்தூர் போன வாரத்தில் மலையில் நல்ல மழை. மழை விட்டதும் நான் தனியாக மேட்டிலிருந்து இறங்கிப் பார்த்தேன். பாதி வழியில் மொட்டைப் பாறை என்று ஓர் இடம். அதற்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் கழுதைப் பாதை, வலப்பக்கம் பழைய ஒற்றையடிப் பாதை. இரண்டும் கீழே போய்ச் சேர்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் தழை இல்லையோ அந்தப் பக்கம் போவது எங்கள் வழக்கம். அன்று வலப்பக்கம் பெரிய கொப்பு கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் வீரணன் அங்கே நின்றிருந்தார்.

“அங்கிட்டுப் போகாதீக, தாயி. வளைவு தாண்டுனதும் பாதையே இல்ல, அத்துக்கிட்டுப் போயிருச்சு. புல்லு மறைச்சிருக்கு, பக்கத்துல போனாத்தான் தெரியும். நான் தெனமும் காலைல புதுத்தழை ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

அவர் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். ஆளுயரப் புல். அதை விலக்கினால் மண் அறுந்த விளிம்பு. அதற்குக் கீழே வெள்ளையாகப் பனி. ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒருவேளை நான் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை ரோஜா திரும்பி வந்தாள். மறுநாள் வினோத்குமார் பார்க்கப் போகிற நாள். பாதை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோயம்புத்தூரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரும் அவளை ரோஜா மேடம் என்று கூப்பிட்டார்களாம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூலி ஆட்கள் கிடையாது. மேட்டில் நாங்கள் இரண்டு பேரும், ஒரு டீக்கடையும், கையை நீட்டினால் விரல் தெரியாத பனியும். நான் வழக்கம்போல முன்னால் கிளம்பினேன். “இன்னைக்கு வெரசா வந்து புடிச்சிருவேன், பாத்து ஓடுங்கக்கா” என்றாள்.

பிரிவில் வீரணன் போட்ட கொப்பு அப்படியே பச்சையாகக் கிடந்தது. அவர் போடவில்லை என்று ஊர் சொல்கிறதே, அது தப்பு. நன்றாகவே போட்டிருந்தார். இரண்டு கையாலும் இழுத்துத்தான் நகர்த்த முடிந்தது. அதைப் பள்ளத்தில் தள்ளினேன். புதிதாக ஒரு கொப்பை ஒடித்துக் கழுதைப் பாதையின் குறுக்கே போட்டேன், ரிப்பன் கட்டிய மரத்துக்கு நேர் கீழே. ரிப்பனை நான் தொடவில்லை. அதை அவிழ்த்திருந்தால்தான் அது ஏமாற்று வேலை.

என் எண்ணம் என்னவென்று கேட்டால் சொல்கிறேன். அவள் வலப்பக்கம் போவாள், பாதை அறுந்திருப்பதைப் பார்ப்பாள், திரும்பி ஏறி வந்து கழுதைப் பாதையைப் பிடிப்பாள், முந்தலுக்குத் தாமதமாக வந்து சேருவாள். வினோத்குமார் உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியேறுவார். அவ்வளவுதான். மறுநாள் கடை, அடுத்த நாள் மறுபடி ஜீப்பு, பனி, காலடி. இதைத்தான் நினைத்தேன். பனியில் விளிம்பு தெரியாது என்பதை நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். ஆனால் அவள் மலைக்காரிதானே, அவளுக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன்.

கொப்பைத் தாண்டிக் கழுதைப் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் காலடி கேட்க வேண்டும் போல இருந்தது.

கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக வந்தாள். பிரிவில் சத்தம் நின்றது. மூச்சு வாங்குவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு தனக்குத்தானே பேசினாள்.

“அடேயப்பா, அக்கா எம்புட்டுப் பெரிய தழையப் போட்டுருக்காக” என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் வலப்பக்கம் ஓடினாள்.

கூப்பிட்டு நிறுத்த எனக்கு அவகாசம் இருந்தது. இதை உங்களிடம் மறைக்கவில்லை. வாயைத் திறந்தேன் என்றுதான் ஞாபகம். சரளை உருளுகிற சத்தம், புல் உரசுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அலறல் எதுவும் கேட்கவில்லை. ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

நான் மேலே ஏறிப் போய் என் கொப்பை எடுத்து எறிந்தேன். வீரணனின் கொப்பைத் திரும்ப எடுத்துப் போட்டிருக்க வேண்டும், அது அப்போது தோன்றவில்லை. அதனால்தான் அந்த மனிதருக்கு வேலை போனது. என் வீட்டு வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நான் போட்ட தழைய நீங்க பாத்தீகளா தாயி? ஒரு வார்த்த சொன்னாப் போதும்” என்றார். பனியில் கவனிக்கவில்லை என்றேன். அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

முந்தலில் வினோத்குமார் காத்திருந்தார். ரோஜாவுக்கு வயிற்று வலி, கிளம்பவே இல்லை, மேலேயே தங்கிவிட்டாள் என்றேன். கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார். நான் நினைத்தது சரிதான், அவள்மேல் அவருக்கு அவ்வளவுதான் அக்கறை. சாயங்காலம் மொக்கம்மாள் வந்தாள்.

“எம்மக இன்னும் வரலையே, தாயி. உங்ககூடத்தான வந்துச்சு?”

“லயன்ல சொந்தக்காரங்க வீட்ல இருப்பா. நாளைக்கு ஜீப்புல வந்துருவா” என்றேன்.

“அங்க எங்களுக்கு இப்ப யாரு இருக்கா?” என்று கேட்டாள். பிறகு, பெரிய வீட்டு அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள். மறுநாள்தான் தேட ஆரம்பித்தார்கள், அதுவும் நான் சொன்னபடி மேட்டுப் பக்கம். கடைசியில் சரிவில் இறங்கிப் பார்த்து அவளைக் கண்டுபிடித்தது வீரணன்தான்.

அப்படியென்றால் இப்போது ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். அது இல்லை.

அவள் சாவால் தள்ளிவைத்த போட்டி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் ஓடினேன். ஓடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார், ரோஜாவுக்காக ஓடுகிறேன் என்றேன். ஏற்றத்தில் இடுப்பில் கையை வைத்து நடந்தேன். இறக்கத்தில் குட்டி எட்டு வைத்தேன். மொட்டைப் பாறையை நெருங்கியபோது பின்னால் காலடி கேட்டது. ஓட்டப் போட்டியில் காலடி கேட்காமல் என்ன கேட்கும் என்பீர்கள். திரும்பிப் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய தூரம் யாரும் இல்லை. வீட்டிலும் கேட்கிறது. மாடிப்படியில், குளியலறை வாசலில், இப்போது உங்கள் வராந்தாவிலும் கேட்டது. சந்தேகமாக ஆரம்பிக்கும், சரளைச் சத்தமாகும், மூச்சாகும். தோளில் கை மட்டும் விழாது. எனக்கு அதில் பயமில்லை. கை விழவில்லையே என்றுதான் இருக்கிறது.

பிரிவில் யாரோ ஒரு புது ஆள் வலப்பக்கம் தழை போட்டிருந்தான், அரைகுறையாக, பாதி பாதையை மறைக்கிற மாதிரி. பனியில் யாராவது தவறிப் போய்விடக்கூடாதே என்று நான் நின்று அதைச் சரியாக இழுத்துப் போட்டேன். அதற்குள் நாலைந்து பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள். பரவாயில்லை. முடித்தேன், மெடல் போட்டார்கள்.

அதன் பிறகு வினோத்குமார் மைக்கைப் பிடித்தார். மலையில் ஒழுங்கு வேண்டும் என்றார். கட்டிய ரிப்பனை மதிக்காமல் குறுக்கு வழியில் போய் ஒரு பெண் அநியாயமாக உயிரைவிட்டாள், அவளை எல்லோரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. மொக்கம்மாள் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ரோஜா வழி தவறுகிறவள் இல்லை, மேடம். குறுக்கு வழியில் போகிறவளும் இல்லை. போகச் சொன்ன பாதையில்தான் அவள் போனாள். முன்னால் போனவள் போட்ட தழையை மதித்துப் போனாள். அவளைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஊரில் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவளைக் கொன்றது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவள்மேல் தப்பில்லை என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. விழுந்ததில் இடுப்பு முறிந்திருந்தது, உயிர் பிரிந்தது வெகுநேரம் கழித்து என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் எனக்கு அது முன்பே தெரியும்.

கொப்பை எடுத்து எறிந்துவிட்டு நான் உடனே இறங்கவில்லை. கீழேயிருந்து அவள் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். “அக்கா” என்று. நான் அடிவாரத்தை நெருங்கிவிட்டேன், அங்கேயிருந்து யாரையாவது கூட்டி வருவேன் என்று அவள் நினைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்க வேண்டும், குரல் கீழ்ப்பக்கமாகத்தான் போனது. நான் அவளுக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். ஆனால் பதில் சொன்னால் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். வெயில் ஏறிப் பனி விலகுகிறவரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவளுக்கு ராக்கு ஞாபகம் வரவில்லை, கோயம்புத்தூர் ஞாபகம் வரவில்லை. உலகத்தில் அவளுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

எதிர்ச்சரிவில் விறகு பொறுக்கிய பெண்கள், மத்தியானத்துக்கு மேல் “ஆத்தா, ஆத்தா” என்று ஒரு குரல் கேட்டதாகவும், ஆடு மேய்க்கிற பிள்ளைகள் என்று விட்டுவிட்டதாகவும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். அது ரோஜா இல்லை, மேடம். அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.